ஆறு மணி என்று எழுதியவன்

குழந்தைவேலுவை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. சென்னைக் கப்பலில் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து மோட்டார் லாஞ்சில் மாயாபந்தருக்குப் புது சப்-இன்ஸ்பெக்டராக வந்து சேர்ந்தான், அவ்வளவுதான். வந்த அன்றே ஸ்டேஷன் பொறுப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். சப்-இன்ஸ்பெக்டர் இல்லாத அந்த ஸ்டேஷனை எட்டு மாதம் நான்தான் ஓட்டினேன். ஏட்டு பக்தவத்சலமாகிய எனக்குத்தான் பதவி உயர்வு என்று பஜாரில் எல்லாரும் பேசினார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். புதுச் சட்டைக்குத் தையல்காரனிடம் அளவுகூடக் கொடுத்திருந்தேன். நட்சத்திரம் எந்தப் பக்கம் வரும் என்று அவன் கேட்டதும், நான் சிரித்துக்கொண்டே தோளைக் காட்டியதும் இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பெயருக்கேற்ற குழந்தை முகம் அவனுக்கு. இருபத்தாறு வயது, பி.ஏ. படிப்பு. வயர்லெஸ்ஸில் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால் கான்ஸ்டபிள்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பதினாலு வருஷம் இந்தத் தீவில் அட்டைக்கடி பட்டவன் நான். எனக்காக ஒருத்தன் நிமிர்ந்து நின்றதில்லை.

வெளியில்தான் இப்படி என்றால் வீட்டில் அதைவிட மோசம். என் மனைவி மங்கையர்க்கரசிக்கு அவன்மேல் ஒரே கரிசனம். "பாவம்ங்க அந்தத் தம்பி, தனியாப் பொங்கித் திங்குது" என்று ஆரம்பித்தாள். பத்தே நாளில் எங்கள் வீட்டுச் சுறாப்புட்டு டிபன் கேரியரில் ஏறி அவன் குவார்ட்டர்ஸுக்குப் போயிற்று. அடிச்சட்டியில் ஒட்டியிருந்தது எனக்கு. "பாத்திரத்தைத் தேய்ச்சுக் கொண்டாந்து தருதுங்க. உங்களுக்குத் தட்டை எடுத்து வைக்கக்கூடத் தெரியாது" என்று வேறு சொன்னாள். அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், 1965ஆம் வருஷம் கார்த்திகை தீபத்தன்று மரக் காண்டிராக்டர் சொக்கலிங்கம் கொலையானபோது என் மனசு எந்த நிலையில் இருந்தது என்று தெரிய வேண்டும்.

அந்தமானில் சூரியன் ஒரு கணக்கில் நடக்கும், கடிகாரம் வேறு கணக்கில் நடக்கும். கடிகாரத்தில் ஓடுவது டெல்லி நேரம். சூரியனுக்கு டெல்லியைப் பற்றிக் கவலை கிடையாது. கார்த்திகை மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது விழுந்துவிடும். இதனால் எங்கள் ஊரில் கார்த்திகை விளக்கு இரண்டு தடவை ஏறும். இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பொழுது சாய்ந்ததும், அதாவது ஐந்து மணிக்கே, விளக்கு வைத்துவிடுவார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்கள், திருவண்ணாமலையில் ஆறு மணிக்குத் தீபம் என்பதால், இருட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து ஆறு மணிக்கு வைப்போம். முருகன் கோயில் சொக்கப்பனையும் ஆறு மணிக்குத்தான். வந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைவேலு பார்த்ததெல்லாம் குவார்ட்டர்ஸ் பழக்கம். வீட்டுக்கு வீடு நேரம் மாறும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சொக்கப்பனைக்குப் பனைமரம் இங்கே ஏது? கமுகு மரத்தை நட்டு, காய்ந்த தென்னோலையைச் சுற்றிக் கட்டுவோம். அதைக் கொளுத்தும் மரியாதை பதினோரு வருஷமாக ஜவுளிக்கடை பன்னீர்செல்வத்துடையது. அந்த வருஷம் கோயில் மண்டபத்துக்கு மரம் முழுவதும் சொக்கலிங்கம் கொடுத்ததால், கமிட்டி கூடி மரியாதையை அவருக்கு மாற்றிவிட்டது. பன்னீர்செல்வம் சிரித்துக்கொண்டே, "யார் கொளுத்தினா என்ன, சாமி சாமிதானே" என்று சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். குழந்தைவேலு வந்து இறங்கியபோது படகுத்துறையில் நானும் அப்படித்தான் சிரித்து சல்யூட் அடித்தேன்.

அன்று ஐந்தரை மணியிலிருந்து நான் கோயிலில் பந்தோபஸ்து. ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பன்னீர்செல்வம் வந்தார். வெற்றுடம்பு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஈர வேட்டி காலில் ஒட்டியிருக்கிறது, தோளில் ஒரு கட்டு ஓலை. அதைத் தானே சொக்கப்பனையின் அடியில் செருகினார். ஆறு மணிக்குக் குழந்தைவேலுவும் வந்து சேர்ந்தான். சொக்கலிங்கத்தைக் காணோம். ஆறரை வரைக்கும் பார்த்தார்கள். தேடிக் கூட்டி வர ஓர் ஆள் போனான். "நேரம் தப்பக்கூடாது" என்று பன்னீர்செல்வமே பந்தத்தை வாங்கிக் கொளுத்தினார். ஓலை சடசடவென்று பற்றி எரிந்துகொண்டிருக்கும்போதே தேடிப்போன ஆள் அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

கழிமுகத்தை ஒட்டியிருந்த மர டிப்போ கொட்டகையில் சொக்கலிங்கம் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் மரம் புரட்டுகிற கடப்பாரை கிடந்தது. ஐந்தரை மணிக்குத் தபாலாபீசில் தந்தி கொடுத்திருக்கிறார், ரசீது அவர் பையிலேயே இருந்தது. ஆகவே ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில்தான் கொலை. இதைக் கண்டுபிடிக்க பி.ஏ. வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டிப்போவுக்கு எதிர்வீட்டுப் பொன்னம்மாவை விசாரித்தோம். மூன்று தலைமுறையாகத் தீவிலேயே இருக்கும் குடும்பம், பேச்சில் பாதி இந்தி கலக்கும். கேள்வி கேட்டது குழந்தைவேலு, எழுதியது நான்.

"ஷாம் ஆச்சு சாப், சாயங்காலம். நான் கேட்டுல விளக்கு வச்சிட்டிருந்தேன். துரைசாமி கொட்டாயிலேருந்து மூட்டையைத் தூக்கிட்டு ஜல்தி ஜல்தியா போனான். கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"மணி என்ன இருக்கும்மா?"

"கடிகாரம் எங்க சாப் இருக்கு எங்கிட்ட. விளக்கு வைக்கிற நேரம்தான்."

குழந்தைவேலு என் பக்கம் திரும்பினான். "கார்த்திகை விளக்கு. ஆறுதானே ஏட்டையா?"

பேனா என் கையில் நின்றது. ஐந்து சார், இவங்க வீட்டில் ஐந்துக்கே வச்சிடுவாங்க என்று சொல்ல ஒரு மூச்சுகூட வேண்டாம். அந்தச் சமயத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? போர்ட் பிளேரிலிருந்து வெள்ளிக்கிழமை எஸ்.பி. வருகிறார். இவன் ஆறு மணியை வைத்து ஒரு கேஸைக் கட்டட்டும். எஸ்.பி. முன்னால் நான் எழுந்து, "ஐயா, இந்த ஊரில் சூரியன் எப்போது விழும் என்று இவருக்குத் தெரியாது" என்று ஒரே வார்த்தையில் அதை உடைக்கிறேன். அவன் முகம் எப்படிக் கறுக்கும் என்று அப்போதே பார்த்துவிட்டேன்.

"ஆமா சார், ஆறுதான்" என்றேன். எழுதினேன். பொன்னம்மா கைநாட்டு வைத்தாள். ஐந்தும் ஆறும் அவளுக்கு ஒன்றுதான்.

துரைசாமி டிப்போவில் மரம் அறுப்பவன். முந்தின மாதம் அவன் அம்மா ஊரில் சாகக் கிடக்கிறாள் என்று தந்தி வந்தது. சொக்கலிங்கம் லீவு தரவில்லை. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்குள் அம்மா செத்துப்போனாள். "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று துரைசாமி டிப்போ வாசலில் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. இப்போது ஆறு மணிக்குக் கொட்டகையிலிருந்து ஓடியதைப் பார்த்த சாட்சியும் இருக்கிறது. அவனைப் பிடித்து லாக்கப்பில் போட்டோம்.

"நான் வேலையை விட்டுட்டேங்க. துணிமணியை எடுத்துக்கிட்டு அஞ்சேகால் ஃபாரஸ்ட் லாஞ்சைப் பிடிக்க ஓடினேன். அந்தக் கரையில கேம்ப்லதான் இருந்தேன்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். லாஞ்சு ஓட்டும் சேரங்கைக் கேட்டால், "வெளி ஆளை ஏத்துறது மனா ஹை சாப், ஏத்தவே கூடாது, நான் யாரையும் ஏத்தல" என்று கையை விரித்தான். ஏற்றியதாகச் சொன்னால் அவன் வேலை போய்விடும். அது எனக்குப் புரிந்தது. புதிதாக வந்தவனுக்குப் புரியவில்லை.

துரைசாமியின் பெண்டாட்டி மல்லிகா தினமும் அக்கரைக் கேம்பிலிருந்து தோணியில் சோறு கொண்டுவந்தாள். அன்று அவன் அங்கே இருந்ததற்கு அவள் ஒருத்திதான் சாட்சி, பெண்டாட்டி சொல் எடுபடவில்லை. குழந்தைவேலுவிடம் போகமாட்டாள், நேராக என்னிடம்தான் வருவாள்.

"ஐயா, நீங்க பழைய ஆளு. இந்த ஊருல உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு. அவுரு பண்ணலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த ஐயா கேப்பாரு."

"பாக்கலாம் போ" என்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே, நாலு நாள் உள்ளே இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமையிலிருந்து துரைசாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தூக்குக் கயிறு எப்படி இருக்கும் என்று கான்ஸ்டபிளிடம் கேட்டானாம்.

கொன்றது யார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நேரத்தை மட்டும் உடைத்தால் பாதி வெற்றிதான். ஆளையும் பிடித்துக் கொடுத்தால் குழந்தைவேலு அடுத்த கப்பலிலேயே ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதையே நினைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை குளித்து, ஈர வேட்டியோடு கொடிக்கயிற்றைப் பார்த்து நடந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சொக்கப்பனை கொளுத்துகிறவன்தான் குளித்து ஈர வேட்டியோடு வர வேண்டும். மற்றவர்கள் உலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அன்று சொக்கலிங்கம் வரமாட்டார் என்று ஆறு மணி வரை யாருக்கும் தெரியாது. பன்னீர்செல்வம் எதற்காக ஈர வேட்டியோடு வந்தார்? பதினோரு வருஷமாக அவரை அந்தக் கோலத்தில் பார்த்துப் பழகியதால் ஒருத்தர் கண்ணிலும் அது உறுத்தவில்லை. என் கண்ணிலும்தான்.

நேரே கோயிலுக்குப் போனேன். பன்னீர்செல்வம் சொக்கப்பனைச் சாம்பலில் குந்தி உட்கார்ந்து சல்லடையால் சலித்துக்கொண்டிருந்தார். சாம்பலை வயலில் தூவ ஊருக்கு அள்ளிக் கொடுப்பது வழக்கம். சலித்துக் கொடுக்கும் வழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

"என்னங்க தேடுறீங்க?" என்றேன்.

"ஆணி கீணி கிடந்தா ஜனங்க காலுல குத்திடும் ஏட்டையா."

என் பூட்ஸுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று மின்னியது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன். அவரும் பார்த்துவிட்டார். குனிந்து எடுத்தேன். ஜிப்பாவுக்குப் போடும் பொத்தான், சங்கிலியில் ஒரு துண்டும் ஒட்டியிருந்தது. பஜாரில் அந்தச் சங்கிலிப் பொத்தான் போடுகிறவர் இவர் ஒருவர்தான். கழிமுகத்தில் முழுகி உடம்பைக் கழுவிக்கொண்டு, ரத்தம் பட்ட ஜிப்பாவை ஓலைக்கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து, ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்க, அதைக் கொளுத்தியிருக்கிறார். அதனால்தான் வேறு யாரும் பந்தத்தைத் தொட விடவில்லை.

பன்னீர்செல்வம் சல்லடையைக் கீழே வைத்தார். பயந்தவராகத் தெரியவில்லை.

"மனசை ஆத்திக்கத்தான் போனேன் ஏட்டையா. இந்த ஒரு வருஷம் எனக்கு விட்டுக்குடுங்கன்னு கேக்கத்தான் போனேன். 'வயசாயிடுச்சு, உக்காந்து வேடிக்கை பாரும்'னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டார். என் முன்னால கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்த பய. முதல் வேட்டி என் கடையில கடனா வாங்கிக் கட்டினவன். அவன் கொளுத்த, நான் கைகட்டி நிக்கணுமா?"

"நடங்க ஸ்டேஷனுக்கு."

"வரேன். ஆனா பொன்னம்மா எத்தனை மணிக்கு விளக்கு வைப்பான்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆறுன்னு எழுதியிருக்கீங்கன்னு உங்க கான்ஸ்டபிளே கடையில வந்து சொன்னான். அந்தப் புது எஸ்.ஐ. பையனைக் கவுக்கத்தானே? நான் வாயைத் திறந்தா உங்க தொப்பி நிக்காது. நீங்க அந்தப் பொத்தானைக் கீழ போடுங்க, நான் இதைப் பேசமாட்டேன். நாம ரெண்டு பேரும் ஒரே ரகம்தான் ஏட்டையா."

ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். கை எழவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் கையில் கடப்பாரை கிடைத்தது, என் கையில் பேனா கிடைத்தது. ஒரே வித்தியாசம், அவர் அடித்தது பொறாமைப்பட்ட ஆளையே. நான் பொறாமைப்பட்டது குழந்தைவேலுமேல், அடித்தது துரைசாமியை.

பொத்தானைக் கைக்குள் மூடிக்கொண்டு திரும்பி நடந்தேன். அவர் ஓடமாட்டார். கப்பல் இல்லாத நாளில் தீவில் எங்கே ஓடுவது? ஓட வேண்டும் என்று எனக்குத்தான் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் வேலை தப்பும், துரைசாமி தொங்குவான். பேசினால் நான் பொய் எழுதியவன், பதினாலு வருஷமும் போச்சு. ஸ்டேஷன் வாசலில் மல்லிகா தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மூடி திறக்கவே இல்லை. என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அவளைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

குழந்தைவேலு மறுநாளைக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தான். பொத்தானை அவன் முன்னால் வைத்தேன். ஈர வேட்டி, ஓலைக்கட்டு, சாம்பல், பன்னீர்செல்வம் பேசியது, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக அதையும் சொன்னேன்.

"பொன்னம்மா விளக்கு வச்சது அஞ்சு மணிக்கு சார். அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆறுன்னேன்."

அவன் பேனாவை மூடி வைத்தான். பொத்தானை எடுத்து விரலால் புரட்டிப் பார்த்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"கோயிலுக்கு வரும்போது நான் அந்தம்மா வீட்டைத் தாண்டித்தான் வந்தேன் ஏட்டையா" என்றான். "அகல் எல்லாம் எண்ணெய் தீர்ந்து அணையப் போற மாதிரி இருந்துச்சு. இப்பதான் ஆறு மணி, அதுக்குள்ள எப்படின்னு அப்பவே நினைச்சேன். மறுநாள் உங்களைக் கேட்டதே அதுக்குத்தான். நீங்க ஆறுன்னீங்க. பதினாலு வருஷம் இங்க இருக்கிறவர், அவருக்குத் தெரியாதா, நான்தான் தப்பாப் பார்த்திருப்பேன்னு விட்டுட்டேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சேரங்கிடம் நானே போய், "ஒருத்தன் உசிருடா" என்று பேசியதில் துரைசாமியை ஏற்றியதை ஒப்புக்கொண்டான். பன்னீர்செல்வத்தைக் கடையில் வைத்தே பிடித்தோம். அவர் கல்லாவைப் பூட்டி, சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, எங்கள் முன்னால் நடந்தார். துரைசாமியை வெளியே விட்டபோது மல்லிகா என் காலில் விழுந்தாள். "நீங்கதான் காப்பாத்துவீங்கன்னு தெரியும்யா" என்றாள். நான் நகர்ந்து நின்றுகொண்டேன்.

வெள்ளிக்கிழமை எஸ்.பி. வந்தார். வாக்குமூலத்தில் ஆறு என்று இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதைச் சொன்னது யார்?" என்று கேட்டார். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். எனக்கு முன்னால் குழந்தைவேலு பேசிவிட்டான்.

"நான்தான் சார். ஊருக்குப் புதுசு, இங்கத்திப் பொழுது தெரியாம ஆறுன்னு முடிவு பண்ணிட்டேன். ஏட்டு பக்தவத்சலம்தான் திருத்தினார். கொலையாளியைக் கண்டுபிடிச்சதும் அவர்தான்."

ஒரு அப்பாவியை நாலு நாள் அடைத்து வைத்ததற்காக எஸ்.பி. அவனை எல்லார் எதிரிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டான். நானும் பக்கத்தில் விறைப்பாகத்தான் நின்றேன். இல்லை ஐயா, நான் என்று சொல்ல வாய் இருந்தது, நாக்கும் இருந்தது. சொல்லவில்லை.

பன்னீர்செல்வம் மிரட்டியபடியே எஸ்.பி.யிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மாட்டிக்கொண்டவன் ஏட்டு மேல் சேற்றை வாரி இறைக்கிறான் என்று எஸ்.பி. கையை வீசிவிட்டார். சப்-இன்ஸ்பெக்டரே தன் தப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகு வேறென்ன பேச்சு?

தை மாதம் உத்தரவு வந்தது. குழந்தைவேலுவுக்கு ரெக்கார்டில் கறுப்புப் புள்ளி, கார் நிகோபாருக்கு மாற்றல். எனக்கு உதவி சப்-இன்ஸ்பெக்டர், ஸ்டேஷன் பொறுப்பு. அவனை வழியனுப்பப் படகுத்துறைக்குப் போனேன். மங்கையர்க்கரசி கொடுத்தனுப்பிய டிபன் கேரியர் என் கையில் இருந்தது. லாஞ்சில் ஏறப் போனவனை நிறுத்தி, "எனக்காக ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி அது.

"உங்களுக்காக இல்ல ஏட்டையா" என்றான். குரலில் கோபமே இல்லை. "அந்தப் பொத்தானைக் கண்டெடுத்தது நீங்க. ஈர வேட்டியைப் பார்த்துச் சொன்னதும் நீங்க. நீங்க பொய் எழுதினவர்னு ஆயிட்டா கோர்ட்டுல உங்க சாட்சி நிக்காது. பன்னீர்செல்வம் வெளிய வந்துடுவார், பழி மறுபடியும் துரைசாமி தலையிலதான் விழும். அதுக்காகத்தான். உங்களைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை."

கேரியரை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான். லாஞ்சு கிளம்பும்போது வழக்கப்படி சல்யூட் அடித்தேன், அவனும் அடித்தான்.

அதுவரை நான் பொறாமைப்பட்டதெல்லாம் அவன் பதவியைப் பார்த்து. அது இப்போது என்னிடம் வந்துவிட்டது. படகுத்துறையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் பஜாரில் ஆட்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். ஒவ்வொரு வணக்கத்துக்கும் எனக்கு வயிறு எரிந்தது. பதவியைப் பறித்துக்கொள்ளலாம், அப்படி ஒரு மனுஷனாக ஆவதற்கு எந்த எஸ்.பி.யிடம் போய் நிற்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.